கழுத்தில் ஊர்ந்த குளவி

யுத்த காலத்தில் நாங்கள் மாட்டுங்காவில் குடியிருந்தோம். ஒருமுறை குளவி கொட்டியதில் என் மாமியார் மூச்சு முட்டி, மயிரிழையில் பிழைத்தார். மறுபடி கொட்டினால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சில நாளிலேயே பால்கனிக் கூரையில் ஒரு குளவிக்கூட்டைப் பார்த்தேன்.

என் கணவர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பந்தம் கட்டினார்.

"ஏன்னா, பால்கனி முழுக்க மரம். தீ வேண்டாம். நாளைக்குக் கார்த்தால நான் பாத்துக்கறேன். நீங்க அம்மாவோட உள்ளே கதவைச் சாத்திண்டு இருங்கோ."

"நோக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் நிதானமாச் செய்யப்போறேன்."

விடியற்காலைக் குளிரில் குளவிகள் அசையாமல் ஒட்டியிருந்தன. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முகத்தை மெல்லிய துணியால் மூடி, வாளியிலிருந்த சோப்புத் தண்ணீரைக் கூட்டின்மேல் வீசினேன். குளவிகள் பொத்தென்று விழுந்தன. ஒன்று மட்டும் கம்பளி இடுக்கில் நுழைந்து என் கழுத்தில் ஊர்ந்தது.

அடிக்கக் கை தானாக உயர்ந்தது. அடித்தால் கொட்டிவிடும். கையை இறக்கி, மூச்சை அடக்கி நின்றேன். அது காதுவரை ஏறி, பறந்து போயிற்று.

பிறகு கூட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"கொட்டித்தாடி?" என்று மாமியார் என் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இல்லைம்மா."

தைரியசாலி என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். அடிக்காமல் நின்ற அந்தச் சில விநாடிகளுக்கே என் தைரியம் முழுவதும் செலவாகிவிட்டது.