நான் குற்றம் சொன்ன கட்டைவிரல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் அது மெஷின் மேல்தான், மனுஷர் மேல் இல்லை என்று பெருமையடித்துக் கொண்டிருந்தேன். அந்த அக்கா விஷயத்தில் அதுவும் பொய்யாகிப் போனது.

மலைமேல் நான் இ-சேவை மையம் வைத்த புதிதில் நாளுக்கு நாலு தரம் கரண்ட் போகும். இருந்ததோ பழைய லேப்டாப். லினக்ஸ் போட்டு, பேட்டரி நிற்கட்டும் என்று மின்சாரம் மிச்சம் பிடிக்கிற செட்டிங் அத்தனையையும் நானே ஆன் செய்து வைத்தேன். யுஎஸ்பியில் செருகியது எதுவானாலும் இரண்டு வினாடி சும்மா இருந்தால் தூங்கிவிடும். அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்து ஊரில் புளி உடைக்கிறவர். கைரேகை பதியாவிட்டால் ரேஷன் கார்டில் பேர் போய்விடும் என்று பயந்து வந்தார். காலேஜ் பிள்ளைகள் விரல் வைத்தால் டக்கென்று எடுக்கிற கைரேகைக் கருவி, அக்கா வைத்தால் எடுக்காது. அவர் கையை முந்தானையில் துடைத்து, கண்ணை மூடி சாமி கும்பிட்டு, அப்புறம்தான் விரலை வைப்பார்.

"புளி ஒடைச்சி ஒடைச்சி ரேகை தேஞ்சி பூட்ச்சிக்கா. கொஞ்ச நாளு கைக்கு ஓய்வு குடுத்துட்டு வாங்க" என்றேன். பெரிய டாக்டர் நான்!

அடுத்த மூன்று வாரமும் வாரம் ஒருதரம் நடந்து வந்தார். ஒவ்வொரு தரமும் எனக்கென்று மடியில் கொஞ்சம் சாமை அரிசி. "கை தேறிச்சா பாரு கண்ணு" என்பார். தேறவில்லை. இடையில் கருவியைத் திருப்பத்தூர் கடையில் காட்டினேன். அங்கே சமர்த்தாக வேலை செய்தது. அப்போ விரல்தான் கெட்டுப்போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

மூன்றாம் வாரம், "நல்லா அழுத்துங்கக்கா, எத்தினி வாட்டி சொல்றது!" என்று கத்தினேன்.

அக்கா மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காத கண்ணு. நான் கும்புட்டு முடிக்கறதுக்குள்ள அந்த செவப்பு லைட்டு அணைஞ்சி பூடுது. அதுக்கு இன்னா, தூக்கம் வருதா?"

எனக்குச் சுரீர் என்றது. லேப்டாப்பில் நடப்பதெல்லாம் வரிவரியாக எழுதப்படுகிற சிஸ்டம் பதிவைத் திறந்து பார்த்தேன். கருவி தூங்குகிறது, விழிக்கிறது, மறுபடி தூங்குகிறது. வரிக்கு வரி அதேதான். கடைக்காரன் கம்ப்யூட்டரில் இந்த செட்டிங் இல்லை, அதனால்தான் அங்கே எடுத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கருவி மட்டும் தூங்காமல் விழித்தே இருக்கும்படி, 'ஆட்டோ' என்றிருந்ததை 'ஆன்' என்று மாற்றினேன். ஒரே ஒரு வரி!

"இப்ப வைங்கக்கா. நிதானமா கும்புட்டே வைங்க."

கும்பிட்டார். லைட் அணையவில்லை. விரலை வைத்ததும் பச்சை டிக் விழுந்தது. "தப்பு என்னுதுக்கா, உங்க வெரலு நல்லாத்தான் இருக்குது!" என்று குதித்தேன்.

அக்கா கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நாளைலர்ந்து புளி ஒடைக்கப் போலாமா கண்ணு? நீ சொன்னதுலர்ந்து நான் போவல. சீசனே முடியப் போவுது."

சொல்லிவிட்டு, மடியிலிருந்த சாமையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.