போனக்காட்டில் குடித்த கட்டன் சாயா

மழையோ வெயிலோ, மாதம் ஒருமுறை மலைக்குப் போகாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லியே அலுவலகத்தில் பெரிய ஆளாகியிருந்தேன். காட்டுக்குள் போய்விட்டால் மனிதர்கள் எல்லாரும் ஒன்றுதான் என்று மதிய உணவு நேரத்தில் பிரசங்கம்கூடச் செய்திருக்கிறேன். போனக்காட்டுக்குப் போய்வந்த பிறகு அந்த வாயை மூடிக்கொண்டேன்.

அன்று வனத்துறைச் சோதனைச் சாவடியில் எனக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் தேயிலை எஸ்டேட் தொழிலாளி, ஐம்பது வயதிருக்கும். என் பையையும் அவரே தூக்கிக்கொண்டார். முதலில் மலையாளத்தில்தான் பேசினோம். காலில் அட்டை கடித்தபோது நான் தமிழில் திட்டினேன். அவர் நின்று, திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். அவருடைய முன்னோர்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை பறிக்க வந்தவர்களாம். நான் கரமனை அக்ரஹாரம், எங்களுக்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான் என்றேன். அதற்கப்புறம் மனிதர் பேச்சை நிறுத்தவேயில்லை. யானை எந்தச் சரிவில் இறங்கும், எந்தப் பாறை வழுக்கும், மகளுக்கு வந்திருக்கும் வரன் எப்படி, எல்லாம் சொன்னார். நடுவில் என் தண்ணீர் பாட்டிலை வாங்கி, வாய் வைத்துக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அருவி வரும்வரை எனக்குத் தாகம் எடுக்கவில்லை. அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது, "நம்ம ஆளா வந்துட்டு சும்மா போவப்படாது சார். வீட்ல ஒரு கட்டன் சாயா குடிச்சிட்டுப் போலாம், கேட்டீங்களா" என்று லயத்துக்குக் கூட்டிப்போனார். வரிசை வீடுகளில் கடைசி வீடு. அவர் மனைவி புது டம்ளர் ஒன்றை எடுத்து, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, கழுவி, அதில் பால் விடாத சாயா கொடுத்தார். இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் டம்ளரை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். கொதிக்கிற சாயா. நாக்கு வெந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போதும் டம்ளரை உதட்டுக்கு இறக்கவில்லை. அந்த அம்மாள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். சாயா பிரமாதம் என்றேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தான் குடிப்போம், சிறு வயதுப் பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அலுவலகக் கேன்டீனில், யார் யாரோ குடித்த கப்பில் நான் வாய் வைத்துத்தான் குடிக்கிறேன். அங்கே ஒருநாளும் கை தானாக உயர்ந்ததில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

சாவடிவரை அவர் பையோடு முன்னே நடந்தார். யானையைப் பற்றியும் பேச்சில்லை, மகளைப் பற்றியும் பேச்சில்லை. கடைசி ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. செய்ததைச் சரிக்கட்டிவிடும் அவசரத்தில் பாட்டிலைத் திறந்து, குடியுங்கள் அண்ணா என்று நீட்டினேன். அதுவரை நான் அவரை ஒருமுறைகூட அண்ணா என்று கூப்பிட்டிருக்கவில்லை.

அவர் பாட்டிலை வாங்கவில்லை. பையைக் கீழே வைத்தார். இரண்டடி தள்ளி நின்று, குனிந்து, இரு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டார்.

"ஊத்துங்க சாமி" என்றார்.

நான் ஊற்றினேன்.