ஆரஞ்சுப் புடவையும் சிவப்பு நட்சத்திரமும்

இன்று அம்மாவுடன் தி.நகர் புடவைக் கடைக்குப் போயிருந்தேன்.

உள்ளே ஆரஞ்சாகத் தெரிந்த பட்டுப்புடவையை அம்மா வாசல் வெயிலுக்குத் தூக்கி வந்தாள். பளிச்சென்று மஞ்சள்!

"கடை லைட்டை நம்பாதடி."

எனக்குச் சுருக்கென்றது. விண்வெளித் தூசிக்குப் பின்னால் இருக்கும் ஒரு நட்சத்திரக் கொத்தில், ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைப் பட்டியலிடுவதுதான் என் வேலை. தூசி எதையும் சிவப்பாகவே காட்டும். நேற்றுதான் ஒன்றை, நிறம் ஒத்துவரவில்லை என்று நீக்கியிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அதை எந்த வாசலுக்குத் தூக்கிட்டுப் போவ?"

அடையாறு திரும்பியதும் அந்த நட்சத்திரத்தின் மேல் தூசி ஏற்றிய சிவப்பைத் தனியாகக் கணக்கிட்டுக் கழித்தேன். நிறம் சரியாக வந்தது. நட்சத்திரம் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

புடவைதான் சேரவில்லை. மஞ்சளில் ஏற்கெனவே நாலு இருக்கிறதாம்.

அந்த நாலையும் எந்த வெளிச்சத்தில் பார்த்தாளோ!