மூன்றாவது பொட்டலம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் காசிராஜன் மாஸ்டரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மிஷின் சத்தம் கேட்காது. டைப் அடிக்க வருகிற பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிடுவார். காலேஜ் அப்ளிகேஷன் பூர்த்தி செய்ய வருகிற கூட்டத்துக்கே பெஞ்சு பத்தாது. ராஜபாளையத்து மில்காரர்களும் வ. புதுப்பட்டியில் காடுகரை பார்க்கிற சம்சாரிகளும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். வருகிறவர்கள் எல்லாம் ஏதாவது ஒரே ஒரு காலேஜ் பேரைச் சொல்லுவார்கள். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "சரி, அது கெடைக்கலன்னா?" என்பார்.

மாஸ்டர் காலேஜ் வாசலை மிதித்தவர் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப் ஹையரும்தான் படிப்பு. ஆனாலும் வருசா வருசம் யாருக்கு எங்கே கிடைத்தது, யாருக்குக் கை நழுவியது என்று கேட்டுக் கேட்டு ஒரு கணக்கு வைத்திருந்தார். எட்டாத உயரத்தில் ஒன்று, எம்பினால் எட்டுவது இரண்டு, உட்கார்ந்த இடத்திலேயே கிடைப்பது ஒன்று. கடைசியாகச் சொன்னதற்கு அவர் வைத்த பேர் சோத்து அப்ளிகேஷன். "விருந்துக்குப் போறவன் வீட்டுல ஒரு பிடி சோறு வச்சுட்டுத்தான் போகணும்" என்பார்.

புதுப்பட்டி சங்கையா ஒரு தடவை ஒற்றைக் காலில் நின்றார். "எம் பையன் இஞ்சினியராத்தான் போவான் மாஸ்டர். இந்த பி.எஸ்சி.யெல்லாம் எழுதுனா அவன் மனசு விட்டுப்போகும்."

"மனசு விட்டுப்போனா தேத்திக்கிடலாம் சங்கையா. வருசம் விட்டுப்போனா எவன் தருவான்?" என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் அந்த பி.எஸ்சி. அப்ளிகேஷனை எழுதி, அவர் கையிலேயே கொடுத்துத் தபாலில் போட வைத்தார்.

இத்தனை விவரம் தெரிந்த மனிதர்தான் தன் மகள் விஷயத்தில் இப்படிச் செய்தார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரே மகள், பரிபூரணம். எண்பத்தாறாம் வருசம் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. இஞ்சினியரிங்குக்கும் மார்க் இருக்கிறதே என்று மாஸ்டருக்கு யோசனை. "நம்ம என்னத்துக்கு மண்டைய ஒடைக்கணும், சாமிகிட்டயே கேட்டுருவோம்" என்றாள் அவர் மனைவி சீனியம்மாள். குடியிருந்தது மடவார் வளாகம். எட்டு வைத்தால் வைத்தியநாத சுவாமி கோயில். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் இலையில் மடித்துக் கட்டி, சந்நிதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, விவரம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை என்றால் டாக்டர், சிவப்பு என்றால் இஞ்சினியர்.

வெள்ளைதான் வந்தது. வைத்தியநாதர் சந்நிதியில் நின்று வைத்தியமா மிஷினா என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்லுவார்? இவர்கள் கேட்டதற்குச் சாமி பதில் சொன்னது. இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு மூன்றாவதாக ஒரு பொட்டலம் கட்டியிருக்கவேண்டும்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் மெடிக்கல் அப்ளிகேஷனை எழுதி முடித்து மடித்தார். பக்கத்தில் நின்ற பரிபூரணம் கேட்டாள்: "அப்பா, எனக்கு சோத்து அப்ளிகேஷன்?"

சீனியம்மாள் பதறிப்போனாள். "சாமி வாக்குக் குடுத்த பொறவு இன்னொரு வாசல்ல போயி நிக்கவா? சாமிய நம்பலன்னுல்ல ஆயிரும்!"

இந்த மாதிரி எத்தனையோ தாய்மாருக்குப் பதில் சொன்ன வாய்தான் மாஸ்டருக்கு. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் நினைப்பு வேறு பக்கம் போய்விட்டது. பக்கத்து ஊர்ப் பெண்கள் கல்லூரிதான் சோத்து அப்ளிகேஷன், பாஸ் மார்க்கு வாங்கின பிள்ளைகளுக்கு அவர் எழுதிக் கொடுக்கிற காலேஜ். அதற்குத் தன் மகளும் எழுதினாள் என்று தெரிந்தால் மாஸ்டருக்கே மகள் மேல் நம்பிக்கை இல்லை என்று ஊர் சொல்லும். அந்தப் பெருமைக்குச் சாமி பேரும் தோதாகக் கிடைத்தது.

"ஏட்டி, நீ யாரு? ஒனக்கு எதுக்கு அது?" என்று சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். அப்பா சொன்னதை நம்பாமல் இருக்க அவளுக்கு அதுவரை காரணம் இருந்ததில்லை.

நுழைவுத் தேர்வில் மார்க் குறைந்துபோயிற்று. லிஸ்டில் பேர் இல்லை. வெயிட்டிங் லிஸ்டில் கடைசிப் பக்கமாக இருந்தது. வரும் வரும் என்று ஆவணி வரைக்கும் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு அதே பெண்கள் கல்லூரிக்கு ஓடினார். அங்கே பாடம் ஆரம்பித்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. ஆபீஸில் இருந்தவர் அவரைத் தெரிந்தவர். "ஒரு அப்ளிகேஷன் போட்டு வச்சிருந்தா முதல் ஆளா எடுத்திருப்பாகளே மாஸ்டர். ஊருக்கெல்லாம் நீங்கதான எழுதுறிய?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுகிற பல்லி கழனிப் பானையில் விழுந்த கதையாகிப் போயிற்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது மாஸ்டர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த வருசம் மறுபடி எழுதட்டும் என்றுதான் முடிவு பண்ணினார்கள். ஆனால் நம்ம பக்கத்து வழக்கம் இருக்கிறதே. பொண்ணு காலேஜில் படிக்கிறாள் என்று சொன்னால் கேட்டு வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில்தான் இருக்கிறாள் என்றால் பூவும் பழமுமாக வருவார்கள். ராஜபாளையத்திலிருந்து சீனியம்மாளின் அண்ணன் தன் மகன் சோலைராஜுக்குக் கேட்டு வந்தார். பையன் மில்லில் வேலை பார்த்தான். குறை சொல்லும்படி ஒன்றும் இல்லை.

"ஒரு வருசம் பொறுங்க, புள்ள பரீட்சை எழுதட்டும்" என்றார் மாஸ்டர்.

"படிக்கிற புள்ளன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன் மாப்பிள்ளே. சும்மா இருக்குற புள்ளையத்தான கேக்கேன்?" என்றார் மச்சினர். அண்ணன் கேட்டு இல்லை என்று சொல்ல சீனியம்மாளுக்கு நாக்கு எழவில்லை. மாஸ்டருக்கோ எதிர்த்துப் பேச முகம் இல்லை. தை மாசம் கல்யாணம். பரிபூரணம் தன் உயிரியல் புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணத்துக்குப் புதுப்பட்டி சங்கையா வாழைத்தாரோடு வந்தார். அவர் மகனுக்கு இஞ்சினியரிங் கிடைக்காமல், மாஸ்டர் பிடிவாதமாக எழுதிய பி.எஸ்சி.தான் கிடைத்திருந்தது. "இந்த மனுசன் மட்டும் எழுதலன்னா எம் மகன் இந்நேரம் மாடு மேச்சுக்கிட்டிருப்பான்" என்று பந்தியில் எல்லாரும் கேட்கச் சொன்னார். மாஸ்டர் அவரைக் கும்பிட்டுவிட்டுச் சமையல் பண்ணுகிற கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதார். பார்த்தவர்கள் அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் அவர் அப்ளிகேஷன் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கேலியும் சோத்து அப்ளிகேஷன் என்கிற பேச்சும் போய்விட்டது. பேசாமல் எழுதிக் கொடுப்பார். மகள் நல்லபடியாகத்தான் இருந்தாள், இரண்டு பிள்ளைகள். பொங்கலுக்கும் தேருக்கும் வந்து போவாள். படிப்பைப் பற்றி அப்பாவிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தாலாவது அவருக்கு ஆறியிருக்கும்.

தொண்ணூற்று நாலில், ரிசல்ட் வந்த வாரம் அவளே இன்ஸ்டிடியூட் படியேறி வந்தாள். கூடவே அவள் நாத்தனார் குருவம்மாள், சோலைராஜின் தங்கை. நல்ல மார்க். அவளுக்கும் டாக்டர் ஆசை.

"பூக்கட்டிப் பாத்தியளா?" என்று மெல்லக் கேட்டார் மாஸ்டர்.

"பாத்தோம்ப்பா. எங்க அத்தை ரெண்டுதான் கட்டுனாவ. மூணாவதா துளசிய வச்சு நான் ஒண்ணு கட்டுனேன்."

"எது வந்துச்சு?"

"எது வந்தா என்னப்பா? மூணையும் எழுதுங்க." பையிலிருந்து அப்ளிகேஷன்களை எடுத்து, அடியில் இருந்ததை உருவி மேலே வைத்தாள். பக்கத்து ஊர்ப் பெண்கள் கல்லூரி அப்ளிகேஷன் அது. "மொதல்ல இத எழுதுங்க."

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குருவம்மாள் சிரித்துவிட்டாள். "என்ன மாமா, அத்தாச்சி பேரை எழுதிட்டிய?"

குனிந்து பார்த்தார். பேர் எழுதுகிற கட்டத்தில், அவருடைய அழகான பெரிய எழுத்தில், கா. பரிபூரணம் என்று இருந்தது. "பூரணம், நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"இருக்கட்டும்ப்பா. இன்னும் நாள் கெடக்கு, வேற வாங்கிக்கிடலாம்" என்றாள் பரிபூரணம். அந்தத் தாளை அவர் கைக்கு அடியிலிருந்து மெதுவாக இழுத்து நாலாக மடித்தாள். குப்பைக் கூடை அவள் காலடியில்தான் இருந்தது. அவள் அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.