வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டன்

நாகர்கோவிலில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்காக ஆப்களுக்கும் இணையதளங்களுக்கும் திரை வடிவமைக்கிறேன். எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், ஆள் எங்கே குழம்புவார், எதை எடுத்துவிட்டால் வேலை சுலபமாகும் என்று நாள் முழுக்க வாய் கிழியப் பேசுவேன். பேசிப் பேசி ஒரு திமிரும் வந்துவிட்டது. அந்தத் திமிரோடுதான் அக்காவுக்கு ஒரு ஆப் செய்யக் கிளம்பினேன்.

அக்கா அஞ்சுகிராமத்தில் பலசரக்குக் கடை நடத்தினாள். நடத்தினாள் என்றால், வாயால் நடத்தினாள். பருப்பை நிறுக்கும்போதே ஒருவருக்குப் பதில், ஒருவருக்கு ஏச்சு, இன்னொருத்திக்குப் புத்திமதி எல்லாம் நடக்கும். அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்தது. பேச்சும் போனது. மிஞ்சியது ‘செரி’ என்ற ஒரே சொல். நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறது, சொல்ல நினைப்பதுதான் வாய்க்கு வரவில்லை என்றார் டாக்டர்.

அத்தானுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. பாவம், கெட்டவர் இல்லை. எதையும் அவளிடம் கேட்டுத்தான் செய்தார்.

"முடிய வெட்டிரட்டுமாட்டி? சீவ எளுப்பமா இருக்கும்."

"செரி."

"கட்டில மாடியிலருந்து கீழ கொண்டு போட்டிரட்டா?"

"செரி."

தலையும் வாயோடு சேர்ந்து ஆடும். கடைசியில், "கடைய வாடகைக்கு விட்டிரலாமா? எனக்கு ஒத்தையில முடியல்ல, கேட்டியா" என்றார். அதற்கும் செரி. கடையை எடுக்க ஒரு வியாபாரியும் கிடைத்துவிட்டார். அந்த வாரமே வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

நான் முதலில் செய்த திரை பார்க்க லட்சணமாக இருந்தது. குடிக்க வெள்ளம், காப்பி, கழிப்பறை, தலைவலி, ஃபேன் என்று படம் படமாக அடுக்கியிருந்தேன். எதைத் தொட்டாலும் ஒரு இயந்திரக் குரல் அதைச் சொல்லும். டேப்லெட்டை மடியில் வைத்தேன். அக்கா இடது கையால் தள்ளிவிட்டாள். படங்களைக் குறைத்தேன், தள்ளினாள். பெரிதாக்கினேன், அப்போதும் தள்ளினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"என்னக்கா வேணும் உனக்கு? நான் வேலையப் போட்டுட்டு வந்து இங்க கெடந்து மல்லுக்கட்டுதேன், நீ சொகமா இருந்து தள்ளுத. இதுல ஒண்ணத் தொட்டாத்தான் என்ன?"

"செரி" என்றாள். தொடவில்லை.

கத்தின சூட்டில், சின்ன வயதிலிருந்தே அவள் ஒத்துக்கொள்ளாத ஒன்றைக் கேட்டேன். "அப்போ நம்ம ரெண்டு பேர்ல நாந்தான அழகு?"

"செரி" என்றது வாய். தலையும் ஆடியது. கண்கள் மட்டும் என்னைக் கொன்றுபோடுவதுபோலப் பார்த்தன.

அட கடவுளே, அந்தச் சொல் பதிலே இல்லை! வாயில் மிஞ்சிக் கிடந்தது வெளியே விழுகிறது, அவ்வளவுதான். அந்தச் செரிக்குப் பின்னால் என் அக்கா முழுசாக, அதே வீம்போடு உட்கார்ந்திருந்தாள். என் திரையிலோ கேட்டு வாங்க எத்தனையோ இருந்தது, மறுக்க ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் அழித்தேன். ஆமா, வேண்டாம், இரண்டு மட்டும். வலது பக்கம் அவளுக்குப் பார்வை எட்டவில்லை என்பதால் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். விரல் இழுபட்டாலும் தவறாதபடி ஆளுக்குப் பாதித் திரை. வேண்டாமுக்குச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். விரல் அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது. ஃபோனில் அந்தக் குறியைத் தொட்டால் எல்லாம் மூடிப்போகும் என்பது அவளுக்குப் பழக்கம். எனக்குத்தான் உறைக்கவில்லை. குறியை எடுத்துவிட்டு, ஒரு கல்யாண வீட்டில் அவள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு நின்ற போட்டோவை வைத்தேன். ஆமாவுக்குச் சிரித்த முகம்.

குரல் பாக்கி இருந்தது. அக்கா வாட்ஸாப்பில் எழுதவே மாட்டாள், எல்லாம் குரலாகத்தான் அனுப்புவாள். வீட்டுக்குத் திரும்பிப் பழையவற்றைத் தேடினேன். ஆமா ஒன்று சட்டென்று அகப்பட்டது. நான் எப்போதோ அனுப்பிய சேலைப் படத்துக்கு அவள் பதில் கிடைத்தது: "வேண்டாம்ட்டி! வேண்டாம்னா வேண்டாம்தான்!" அந்தக் குரலை மறுபடி கேட்டபோது தாங்க முடியாமல் அழுதேன். அதில் பெண்பிள்ளையிடம் சொல்லும் அந்த ‘ட்டி’யை மட்டும் வெட்டி எறிய மனசு வரவில்லை. அப்படியே விட்டேன்.

அதை எடுத்துக்கொண்டு நான் அஞ்சுகிராமம் போய்ச் சேர்ந்தபோது வியாபாரி ஏற்கெனவே வந்திருந்தார். நல்ல மீசை, நல்ல மரியாதை. அக்காவின் மடியில் டேப்லெட்டை வைத்தேன். தன் சுளித்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ விட்டிரலாமாட்டி?" என்றார் அத்தான்.

"செரி" என்றாள்.

"அத்தான், இன்னொரு மட்டம் கேளுங்க" என்றேன். "வாயப் பாக்காண்டாம். கையப் பாருங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, திரும்பவும் கேட்டார். இடது கை பைய எழும்பியது. விரல் சுளித்த முகத்தின்மேல் இறங்கியது.

"வேண்டாம்ட்டி! வேண்டாம்னா வேண்டாம்தான்!"

வியாபாரி திடுக்கிட்டுத் தனக்குப் பின்னால் யாராவது பெண் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். அக்காவே ஒரு நிமிஷம் ஆடிப்போனாள். மறுபடி அழுத்தினாள். மறுபடியும். வீடு முழுக்க அவள் குரல்.

"அம்மாவுக்கு இஷ்டமில்லன்னா விடுங்க" என்று வியாபாரி எழுந்து போய்விட்டார். அத்தான் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இத்தன நாளும் இதத்தான் சொல்லிட்டிருந்தியா?" என்றார். பிறகு, தான் செய்ததையெல்லாம் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். "முடி வெட்டினோமே, அது?"

"வேண்டாம்ட்டி!"

"கட்டில கீழ போட்டது?"

விரல் சிரித்த முகத்துக்குப் போனது. "ஆமா."

கேட்டுக்கொண்டே வந்தவர் குரலைத் தாழ்த்தி, "அப்போ நான்?" என்றார்.

விரல் இரண்டுக்கும் நடுவே நின்றது.

"வேண்டாம்ட்டி! வேண்டாம்னா வேண்டாம்தான்!"

அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்! கோணிய வாயோடு, கண்ணில் நீர் வழியச் சிரிக்கிறாள். நான் வைத்தது ஆமாவும் வேண்டாமும்தான். கேலியை நான் வைக்கவே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாய் வந்திட்டு உனக்கு" என்றார். "நாளைக்குக் கடையத் தெறந்து உன்ன அங்க கொண்டு இருத்துதேன்."