அட்டைப்படத்தில் ஒரு கட்டைவிரல்

வடகவுஞ்சியில் ஒரு விவசாயி வீட்டுப் பரணில் காய்ச்சல் வைத்தியச் சுவடிக்கட்டு ஒன்று இருந்தது. கொடைக்கானல் மலையில் பழைய நாளில் காய்ச்சலுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான் என் ஆய்வு. அந்தக் கட்டைப் படிக்காமல் அது முடியாது. முதலில் படித்து வெளியிடுபவர் பெயர்தான் நிற்கும். என்னோடு ஒரே பேராசிரியரிடம் படித்தவள் விஜயதசமியன்று அங்கே போகிறாள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு ஏட்டெழுத்தே தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் யாரோடும் பேசிச் சிரித்தே காரியத்தை முடித்துவிடுவாள்.

முந்திரிக்கொட்டை மாதிரி முந்தினேன். ஒரு நாள் முன்னதாகவே வத்தலக்குண்டில் பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கார அக்கா காபி கொடுத்தார். கட்டு சாமி படத்துக்கு முன்னால், சந்தனமும் பூவுமாக, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது.

"இன்னைக்கு சரஸ்வதி பூஜைங்க. ஏட்டைப் பிரிக்கக் கூடாதுல்ல? நாளைக்கு வெள்ளனே வாங்க."

சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவளை முந்தும் அவசரத்தில் என்ன பண்டிகை என்றுகூட யோசிக்கவில்லை. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போய் ஒரு லாட்ஜில் தங்கினேன். குளிரைவிட ஆத்திரம்தான் தூங்கவிடவில்லை.

மறுநாள் நான் போனபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து அக்காவோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூஜை முடிந்து கட்டைப் பிரித்தார்கள். ஓலையில் ஒன்றுமே தெரியவில்லை. கீறிய எழுத்தில் பூசியிருந்த கரி போய்விட்டிருந்தது. அவளுடைய விலை உயர்ந்த கேமராவிலும் வெறும் பழுப்புதான் விழுந்தது. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நல்லவேளை நீ வந்தே. மை வச்சிருப்பியே?"

பையில் விளக்குக்கரியும் புல்தைலமும் இருந்தன. இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் நானும் படிக்க முடியாது. குழைத்தேன், தடவினேன், துணியால் துடைத்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. முதலில் பார்த்தவள் நான்தான். ஆனால் படிக்க எனக்கு ஏது நேரம்? நான் ஒவ்வொரு ஏடாகத் தூக்கிப் பிடிக்க, அவள் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். படங்களை எனக்கும் அனுப்பினாள், அதில் குறை சொல்ல முடியாது. நான் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஆள் வைத்துப் படித்துப் புத்தகமே போட்டுவிட்டாள்.

அட்டையில் ஓர் ஏடு. அதைப் பிடித்தபடி, நகமெல்லாம் கரியாக, ஒரு கட்டைவிரல்.

எங்கள் கல்லூரியில் புத்தகத்தைப் பார்த்த சக ஆசிரியர் அட்டையை மெச்சினார்.

"இது அந்த வீட்டுக்காரங்க கைங்களா?"

"என் கை" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, அவள் எழுதிய முன்னுரையைப் படிக்க ஆரம்பித்தார்.