விரல்களைப் படம் பிடித்தவர்

மலேசியாவில், குளுவாங் நகரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர் அவர். கேமரா கையில் இல்லாதபோதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் நம்மைப் பார்ப்பார்.

யாரும் கண்டுகொள்ளாமல் கலைந்துபோன ஒரு தமிழ் ராக் குழு ஸ்டூடியோவில் வாசித்ததைப் படம் பிடித்தவர் அவர் ஒருவர்தான். அவர்களுடைய பாட்டு ஒன்றை இரண்டு வருஷமாகக் கிட்டாரில் வாசிக்க முயன்று தோற்றிருந்தேன். அதனால் அவரிடம் கெஞ்சி அந்தப் படத்தைப் போடச் சொன்னேன். முழுக்க விரல்கள்தாம்.

“என்னண்ணே, ஒரு மூஞ்சியகூட காணோம்?”

“தாலி கட்டறப்ப கையத்தான் எடுக்கணும். திரும்பக் கட்ட சொல்ல முடியாது லா, தம்பி.”

அந்த விரல்களைப் பார்த்தே அன்று மாலை பாட்டைப் பிடித்துவிட்டேன். மறுநாள் அவரிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கடைசிவரை என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.